மீன் தொட்டி: வாங்குற விலை வேற, வளர்க்குற செலவு வேற!

பாலக்கோட்டுல வீடு, மாசச் சம்பளம், ஹாலில் ஒரு நாலடி மீன் தொட்டி. நல்ல ஆசைதான். ஆனா நண்பர்களே, தொட்டி ஒரு தடவை செலவு. எந்த மீன் விடுறீங்கங்கிறதுதான் மாசாமாசம் செலவு.

முதல்ல தண்ணி. தர்மபுரி மாவட்டத்துல போர்வெல் தண்ணி பெரும்பாலும் உப்புப் படியுற கடின நீர். நியான் டெட்ராவும் டிஸ்கஸும் அமேசான் பகுதியின் மென்னீர் மீன்கள், அதுங்களுக்கு ஆர்.ஓ. தண்ணி கலந்துகிட்டே இருக்கணும். கப்பி, மோலி, பிளாட்டிக்கு கடின நீரே பிடிக்கும். வட்டி மாதிரி குட்டியும் போடும்!

அடுத்து கரண்ட். 20 வாட் ஃபில்டர் நாள் முழுக்க ஓடினா ரெண்டு மாசத்துக்கு 29 யூனிட். டிஸ்கஸுக்கு 28 டிகிரிக்குக் குறையாத சூடு வேணும். மார்கழிக் குளிர்ல 200 வாட் ஹீட்டர் தினம் 8 மணி நேரம் ஓடினாலே ரெண்டு மாசத்துக்கு 96 யூனிட். அரசு தர்ற 100 யூனிட் இலவச மின்சாரத்தை மீனே கிட்டத்தட்ட முடிச்சிடும்.

மூணாவது, வளர்ச்சி. கடையில ரெண்டு இன்ச் இருக்கிற ஆஸ்கர் ஒரு அடி வரை வளரும். கூட இருக்கிற சின்ன மீனையும் முழுங்கிடும். குட்டியோட விலையைப் பார்க்காம, வளர்ந்த அளவைக் கேட்டு வாங்குங்க.

கடைசியா, 4 x 1.5 x 1.5 அடி தொட்டியில சுமார் 250 லிட்டர் பிடிக்குதேன்னு ஒரே நாள்ல நிரப்பாதீங்க. கழிவுல வர்ற அமோனியாவை மாத்துற பாக்டீரியா உருவாக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை அஞ்சாறு கப்பி போதும். லம்ப்சம் வேண்டாம், எஸ்.ஐ.பி.தான் சரி.