நடக்கவியலாத பிள்ளையும் கூடார வாசமும்

நடக்கவியலாத பிள்ளையுடன் மலைநாட்டில் தங்க விரும்பும் பெற்றோர், மோட்டார் வண்டியின் பின்னே இழுத்துச் செல்லும் கூடாரத்தை நாடுவது இயல்பு. படுக்கை ஈரத்தரையில் படாது என்பது மெய்யே. ஆனால் அப்படுக்கை வண்டியின் மேல் விரிவது. சக்கர நாற்காலியின் இருக்கையோ சுமார் 50 சென்டிமீட்டர் உயரமே. இரவில் இருமுறை பிள்ளையைத் தூக்கி ஏற்றும் தாயின் முதுகை யார் நினைக்கிறார்கள்? தரைமட்டத்தில் ஓர் அறையும், இடறும் விளிம்பில்லாத அகன்ற வாயிலும் உள்ளதையே தேர்ந்தெடுங்கள். நாற்காலி திரும்ப 150 சென்டிமீட்டர் இடம் வேண்டும்.

கூடாரத்தினும் முக்கியமானது அதை அடிக்கும் இடம். கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தவில், 2014 அக்டோபர் 29 காலை, மழையில் ஊறிய மலைச்சரிவு லயன்களைப் புதைத்தது. ஓடக்கூடியவர் பலர்க்கே அவகாசம் போதவில்லை. ஆதலின் ஐப்பசி, கார்த்திகை மழையில் சரிவின் அடியில் தங்குதல் ஆகாது. ஊற்றுநீர் திடீரெனக் கலங்கினாலோ, நிலம் பிளவுகண்டாலோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உடனே விலகுங்கள், கூடாரம் கிடக்கட்டும்.