விளம்பரத்துக்குப் பணம் கட்டும் முன்: நம் இணையதளத்தில் 'பிக்சல்' வேலை செய்கிறதா?



சென்ற கிறிஸ்துமஸுக்கு முந்தின கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டோம். முந்திரிக்கொத்து, ஏத்தங்காய் சிப்ஸ், கருப்பட்டி மூன்றையும் நம் இணையதளம் வழியாக விற்க ஃபேஸ்புக்கில் விளம்பரம் கொடுப்பது, அதற்கு விற்பனை நிதியிலிருந்து 4,500 ரூபாய் எடுப்பது என்பது அந்தத் தீர்மானம். விளம்பரம் பத்து நாள் ஓடியது. தளத்துக்கு ஆட்கள் வந்தார்கள், ஆர்டரும் கொஞ்சம் வந்தது. ஆனால் திட்டத்தில் இரண்டாவது பாதி ஒன்று இருந்தது. பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்களுக்கு மட்டும் மறுபடி ஒரு சின்ன விளம்பரம் காட்ட நினைத்திருந்தோம். அதற்கான பட்டியலைத் திறந்து பார்த்தால் அது காலியாகக் கிடந்தது.

"எக்கா, சந்தையில கடை விரிச்சு, வந்தவங்க மொகத்தையே பாக்காம திரும்பின மாதிரில்லா ஆயிப்போச்சு" என்று ஒரு குழுப் பிரதிநிதி சொன்னார். அவர் சொன்னது சரிதான். தளம் செய்து தந்தவர் "கோட் போட்டாச்சு" என்று போனில் சொன்னதை நம்பி, நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம். குழுப் பணத்தைச் செலவழிக்கும்முன் சரிபார்க்காதது எங்கள் பிழை. அதைக் கண்டுபிடித்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்று. வாட்சப்பில் மட்டும் விற்கிற குழுக்களுக்கு இது தேவையில்லை. பிறர் நடத்தும் பெரிய தளங்களில் பொருள் வைக்கிறவர்களும் அங்கே தங்கள் கோடைப் போட முடியாது. சொந்தமாக இணையதளம் வைத்திருப்பவர்களும், இனி வைக்கப்போகிறவர்களும் மேலே படியுங்கள்.

பிக்சல் என்பது என்ன?

நம் குழுக் கூட்டத்து வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இருபது பேர் வந்து, பேசி, கடன் கொடுத்து, சாயா குடித்துக் கலைந்தாலும், பதிவேட்டில் கையெழுத்து இல்லை என்றால் வங்கிக்காரர் தரம் பார்க்க வரும்போது அந்தக் கூட்டம் கணக்கில் வராது. இணையதளத்துக்கு அப்படி ஒரு பதிவேடுதான் பிக்சல். முன்பு கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி அளவுப் படத்தைப் பக்கத்தில் வைத்துத்தான் இதைச் செய்தார்கள். பெயர் அதிலிருந்து வந்தது. இப்போது அது சில வரிகள் கொண்ட ஒரு கோட். ஃபேஸ்புக் பிக்சல் என்று இருந்த பெயர், 2021-இல் கம்பெனி 'மெட்டா' என்று மாறிய பிறகு மெட்டா பிக்சல் ஆனது.

நம் பக்கத்தை ஒருவர் போனில் திறந்த உடனே அந்தக் கோட் "இந்தப் பக்கத்தை ஒருவர் பார்த்தார்" என்று மெட்டாவுக்குச் செய்தி அனுப்பும். அந்த போனில் ஃபேஸ்புக் கணக்கு இருந்தால் ஆள் யார் என்று மெட்டா பொருத்திக்கொள்ளும். நமக்குப் பெயர் எதுவும் தெரியாது. எத்தனை பேர் என்பது மட்டும்தான் சுமாராகத் தெரியும். விளம்பரம் கொடுக்கும்போது "இந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்குக் காட்டு" என்று சொன்னால் காட்டும், அவ்வளவே.

எங்கே தவறியது?

விளம்பரக் கணக்கில் 'ஈவென்ட்ஸ் மேனேஜர்' என்று ஒரு பகுதி உண்டு. பிக்சலிடமிருந்து கடைசியாக எப்போது செய்தி வந்தது என்று அதில் இருக்கும். எங்களுடையதில் பத்து நாளில் ஏதோ ஐந்தாறு செய்திதான். அடுத்து, அலுவலகக் கம்ப்யூட்டரில் குரோம் உலாவியில் 'பிக்சல் ஹெல்பர்' என்ற சின்னக் கருவியைச் சேர்த்தோம். மெட்டாவே இலவசமாகக் கொடுப்பது, போனில் வேலை செய்யாது, கம்ப்யூட்டர் வேண்டும். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அங்கே பிக்சல் இருக்கிறதா, இல்லையா என்று மேலே ஓரத்தில் காட்டிவிடும்.

முகப்புப் பக்கத்தைத் திறந்தோம். பிக்சல் இருக்கிறது என்று காட்டியது! அப்படியானால் என்னதான் கோளாறு என்று கொஞ்ச நேரம் விழித்தோம். பிறகு விளம்பரத்தில் நாங்கள் கொடுத்திருந்த இணைப்பையே தட்டிப் பார்த்தோம். அது முகப்புக்குப் போகவில்லை, நேராக முந்திரிக்கொத்துப் பக்கத்துக்குப் போனது. அங்கே பிக்சல் இல்லை. சிப்ஸ் பக்கத்திலும் இல்லை, கருப்பட்டிப் பக்கத்திலும் இல்லை. 'போட்டாச்சு' என்று அவர் சொன்னது பொய்யில்லை, முன்வாசலில் மட்டும் போட்டிருக்கிறார். நாங்கள் விளம்பரம் கொடுத்து அழைத்தவர்களோ எல்லாரும் பக்கவாசல் வழியாக வந்து, பார்த்து, போயிருக்கிறார்கள்.

ஆகவே சோதிக்கும்போது முகப்பை மட்டும் பார்க்காதீர்கள். விளம்பரம் எந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோகிறதோ அதைப் பாருங்கள். எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான தலைப்பகுதி ஒன்று தளத்தில் இருக்கும். கோட் அங்கே போனால் எல்லாப் பக்கத்திலும் தானே வரும்.

சரி செய்யச் சொன்னோம், செய்தார். மறுநாளும் 'இல்லை' என்றே காட்டியது. வேகமாகத் திறப்பதற்காகத் தளம் பழைய பக்கத்தின் நகலைச் சேமித்து வைத்து அதையே காட்டிக்கொண்டிருந்தது. இதை 'கேஷ்' என்கிறார்கள், நம்ம கேஷ் புக் கேஷ் இல்லை. அதை அழித்த பிறகு மேலாளரின் கம்ப்யூட்டரில் வந்தது. பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டரில் வரவில்லை. அதில் விளம்பரம் தடுக்கும் கருவி போட்டிருந்தார்கள். அது பிக்சலையும் சேர்த்துத் தடுத்துவிடும். இது தெரியாமல் தளம் செய்தவரோடு ஒரு நாள் முழுக்கப் போனில் வாதம் பண்ணினோம். நீங்கள் இரண்டு கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கருவி எதுவும் சேர்க்காமலே பார்க்க ஒரு வழி இருக்கிறது. பக்கத்தைத் திறந்து கண்ட்ரோல் பட்டனையும் யு எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் பக்கத்தின் உள் எழுத்து முழுவதும் வரும். அதில் எஃப், பி, கியூ என்ற மூன்று சிறிய ஆங்கில எழுத்துகள் சேர்ந்து இருக்கிறதா தேடுங்கள். இருந்தால், பக்கத்தில் வரும் நீளமான எண்ணை ஈவென்ட்ஸ் மேனேஜரில் உள்ள எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். பாஸ்புக் எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் பணம் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். சில தளங்களில் 'கூகுள் டேக் மேனேஜர்' வழியாகக் கோட் போடுவார்கள். அப்போது இந்த மூன்றெழுத்து தெரியாது, அதனால் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இன்னொரு குழுவின் தளத்தில் கோடை, கட்டுரை எழுதும் பெட்டியில் ஒட்டியிருந்தார்கள். கோட் வேலை செய்வதற்குப் பதிலாகப் பொருள் விவரத்துக்குக் கீழே எழுத்தாகவே தெரிந்துகொண்டிருந்தது, பாவம்.

கூகுள் விளம்பரத்துக்கும் இதே கதைதான். அங்கே 'டேக்' என்பார்கள், சோதிக்க 'டேக் அசிஸ்டன்ட்' இருக்கிறது. பழைய தளங்களில் யு, ஏ என்று தொடங்கும் கூகுள் எண் இருந்தால், அந்தப் பழைய முறை 2023 ஜூலை 1 முதல் நின்றுவிட்டது. புது எண் வாங்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் எண்ணிக்கை குறைவதுண்டு. 2021 ஏப்ரலிலிருந்து ஐபோனில் ஒவ்வொரு செயலியும் பின்தொடர அனுமதி கேட்க வேண்டும், வேண்டாம் என்பவர்கள் நிறைய. நமக்கு அதைவிடப் பெரிய ஓட்டை ஜிபே. வாங்குகிறவர் நம் பக்கத்திலிருந்து ஜிபேக்குப் போய்ப் பணம் கட்டிவிட்டு, அப்படியே போனை மூடிவிடுவார். 'நன்றி' பக்கத்துக்குத் திரும்பி வந்தால்தானே 'வாங்கினார்' என்று பிக்சல் குறிக்கும்? வரவில்லை என்றால் அவரை வாங்காதவர் என்று நினைத்து, முந்திரிக்கொத்து தின்று முடித்தவரிடமே "வாங்குங்கள்" என்று விளம்பரம் காட்டும். விற்பனைக் கணக்குக்கு நம் ஆர்டர் நோட்டையே நம்புங்கள்.

ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கவே கூடாது

எல்லாப் பக்கத்திலும் வரும்படி மாற்றியதில் ஒரு தப்பும் நடந்தது. உறுப்பினர்கள் எண் போட்டு உள்ளே போய்க் கடன் பாக்கி பார்க்கும் பக்கத்திலும் பிக்சல் ஏறிவிட்டது. நம் ஒரு சகோதரி தவணை பாக்கி பார்க்க வந்தார் என்ற செய்தி விளம்பரக் கம்பெனிக்கு எதற்கு? இரண்டு நாளில் கவனித்து எடுத்துவிட்டோம். பெரிய இடங்களிலேயே இது நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 2022 ஜூனில் 'தி மார்க்அப்' என்ற பத்திரிகை, அந்நாட்டின் முன்னணி 100 மருத்துவமனைகளின் தளங்களைச் சோதித்தது. 33 தளங்களில், நோயாளி டாக்டரைப் பார்க்க நேரம் குறிக்கும்போது மெட்டா பிக்சல் அந்தத் தகவலை அனுப்பிக்கொண்டிருந்தது. நம் நாட்டிலும் 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 2025 நவம்பரில் அதன் விதிகளும் வெளியாகி, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகிறது. கடன் பக்கம், ஆதார் வாங்கும் பக்கம் இரண்டிலும் பிக்சல் 'இல்லை' என்று காட்டுகிறதா என்று அதே கருவியால் சோதியுங்கள். விற்கும் பக்கத்தில் இது இருப்பதை வருகிறவர்களுக்குத் தெரியும்படி எழுதி, அவர்கள் சம்மதத்தையும் கேளுங்கள். 'சம்மதம்' தட்டிய பிறகுதான் பிக்சல் ஓடும்படி தளம் இருந்தால், சோதிக்கும்போது நீங்களும் முதலில் அதைத் தட்டுங்கள். தட்டாமல் பார்த்தால் 'இல்லை' என்றுதான் காட்டும்.

இன்னும் ஒன்று கேட்டு வையுங்கள்: பிக்சல் யார் பெயரில் இருக்கிறது? தளம் செய்தவரின் கணக்கில் எடுத்திருந்தால் நம் வாடிக்கையாளர் பட்டியல் அவர் கையில். நாளை அவரோடு மனத்தாங்கல் வந்தால் பட்டியலும் போகும். வங்கிக் கணக்கை ஊக்குநர் தனிப் பெயரில் திறக்க விடுவோமா? கூட்டமைப்பின் பெயரிலுள்ள கணக்கிலேயே எடுக்கச் சொல்லுங்கள்.

மாசி, பங்குனியில் மார்த்தாண்டம் பக்கத்துக் குழுக்களுக்குத் தேன் வரத்து இருக்கும். மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து வெளியூர்க்காரர்களும் தேடுகிறார்கள். அவர்கள் விளம்பரத்தைப் பங்குனியில் கொடுப்பதானாலும் பிக்சலை இப்போதே போட வேண்டும். கோட் போடுவதற்கு முன்னால் வந்துபோனவர்களை எந்தக் கம்பெனியும் பட்டியலில் சேர்த்துத் தர முடியாது. போட்ட பிறகு வந்தவர்களையும் மெட்டா 180 நாள் வரைதான் வைத்திருக்கும். அவர்களைப் போன்ற புது ஆட்களைத் தேடச் சொல்வதானால் ஒரே நாட்டைச் சேர்ந்த 100 பேராவது பட்டியலில் இருக்க வேண்டும்.

தளம் உள்ள குழுக்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது தள முகவரியையும் விளம்பரக் கணக்கு விவரத்தையும் கொண்டுவாருங்கள். வீட்டில் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள். கூட்டம் முடிந்ததும் அலுவலகக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு தளமாகத் திறந்து பார்ப்போம்.