பல களத்து நேரலையும் அதன் பின்னின்று உழைப்போரும்

பேசுவோன் தன்மை, எதிர்நின்று கேட்போன் முன்னிலை, அப்பாலுள்ளோன் படர்க்கை என இலக்கண நூலார் இடத்தை மூன்றாக வகுத்தனர். அப்பாலுள்ளோனை முன்னிலையாக்கும் கலையொன்று நம் காலத்தில் வளர்ந்து வருகின்றது. வெவ்வேறு ஊர்களில் இருப்போர் ஒரே வேளையில் ஒருவரையொருவர் கண்டும் கேட்டும் ஓரவையில் அமர்ந்தாற்போல உரையாடும் இம்முறைக்கு, 1980ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் மார்வின் மின்ஸ்கி பரவச் செய்த ‘ரெலிப்பிரசென்ஸ்’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. தமிழில் ‘தொலைமுன்னிலை’ எனக் கூறின் பொருந்தும். திரையிலே தோன்றும் முகங்களை யாவரும் காண்கின்றனர். அம்முகங்கள் தோன்றுதற்கு ஒவ்வோரிடத்தும் நின்று உழைக்கும் தொழினுட்பக் குழுவினரையும், அவர்கள் ஒருவரோடொருவர் ஒத்து இயங்கும் முறையையும் அறிந்தோர் மிகச் சிலரே.

அக்கரப்பத்தனையில் வாழ்வோர்க்கு இவ்வொத்தியக்கம் புதிதன்று. பல மலைகளிலே பறிக்கப்படும் கொழுந்து குறித்த வேளைகளில் நிறுக்கப்பட்டுத் தொழிற்சாலையை அடைதல் வேண்டும். ஒரு மலையிலே சுணக்கம் நேரின், வாட்டும் பணியும் அரைக்கும் பணியும் அதன் பொருட்டுப் பிந்தும். பண்டு விடியற்காலையிற் பெரட்டுக்கு ஆளழைக்கத் தப்பு முழங்கியதும் இக்காரணம் பற்றியே. சிதறிக் கிடந்த லயங்களுக்கெல்லாம் நேரம் ஒன்றே என்பதை அவ்வொலி அறிவித்தது. தொலைமுன்னிலை நிகழ்ச்சிக்கும் முதற்றேவை அத்தகைய பொது நேரமே. இது சிறு செய்தி போலத் தோன்றலாம். ஆயினும் 1996ஆம் ஆண்டில் இலங்கை தன் கடிகாரத்தை முன்னகர்த்தியது முதல் 2006 ஏப்பிரலில் அதனை மீண்டும் இந்திய நேரத்தோடு பொருத்தும் வரை, கொழும்பில் ஒரு நேரமும் சென்னையில் வேறொரு நேரமும் வழங்கின. அக்காலத்தே ‘பத்து மணிக்குத் தொடங்குவோம்’ என இருசாராரும் இணங்கிவிட்டாற் போதாது. எவ்வூர்ப் பத்து மணி என்பதையும் எழுதி வைத்தல் வேண்டியதாயிற்று.

இக்கலையின் முதற்பெரும் சோதனை 1967ஆம் ஆண்டு யூன் 25ஆம் நாள் நிகழ்ந்தது. ‘நமது உலகம்’ என்னும் பொருள்படும் பெயரோடு, இலண்டன் பி.பி.சி. நிலையத்தைத் தலைமைக் களமாகக் கொண்டு, 14 நாடுகளின் காட்சிகள் செய்மதிகள் வழியே ஒரே நிகழ்ச்சியாகக் கோக்கப்பட்டன. அவற்றுள் யப்பான், அவுஸ்திரேலியா, மெக்சிக்கோ, துனீசியா என்பனவும் அடங்கும். முன்னரே படம்பிடித்த காட்சி ஆகாது, அரசியற்றலைவர் தோன்றலாகாது என்பன அதன் விதிகள். ஆயத்தப் பணி பல மாதங்கள் நடைபெற்றது. ஆனால் அவ்வாண்டு யூன் மாதத்தில் மூண்ட மத்திய கிழக்குப் போரின் எதிரொலியாக, சோவியத் நாடும் அதன் சார்பு நாடுகளும் நிகழ்ச்சிக்குச் சில நாள்களே இருக்கையில் விலகிக்கொண்டன. நிரல் குலைந்தது, எனினும் நிகழ்ச்சி நிற்கவில்லை. ஒரு களம் இல்லாமற் போயின் அவ்விடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்னும் வினாவுக்கு விடையை முன்னரே எழுதி வையாத குழு, அந்நிலையிற் கையைப் பிசைந்து நிற்க நேரிடும். இங்கிலாந்தின் பங்காகப் பாடிய பீற்றில்ஸ் குழுவினர், நேரலை என்னும் விதிக்கு உட்பட்டே, அடியிசையின் பெரும்பகுதியைச் சில நாள் முன்னதாக ஒலிப்பதிவு செய்து, அதன் மீது நேரில் பாடினர். இதனை ஏமாற்று என்பது பொருந்தாது. பிழைபடக்கூடிய பகுதிகளைக் குறைத்துக்கொள்ளுதல் தொழினுட்பத்தின் கடமை.

தேர்த் திருவிழாவை நினைக. வடம் பிடிப்போர் பலர். அவர்தம் முகம் யாவர்க்கும் தெரியும். சில்லின் அருகே குனிந்து முட்டுக்கட்டை இடுவோரைப் பார்ப்போர் இலர். தேர் திரும்புவதும் நிற்பதும் அவர் கையிலே உள்ளன. அவர்களுக்குச் சைகை காட்டுபவர் ஒருவரே. இருவர் சைகை காட்டினாற் தேர் தெருவோரத்து வீட்டிற்குட் புகும். பல களத்து நேரலையிலும் கட்டளை ஒருவரிடமே இருத்தல் வேண்டும். அக்கட்டளை செல்லும் வழி, அவையோர் கேட்கும் ஒலிவழியினின்று வேறாக இருத்தலும் வேண்டும். ஒவ்வொரு களத்துப் பொறுப்பாளரும் காதொலிப்பானில் அதனைக் கேட்பர். தம் களத்துக் குறையை அதன் வழியே கூறுவர். இக்காலத்தில் அதற்கென விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. ஒரு தனித் தொலைபேசி இணைப்பே போதும். அதனை நிகழ்ச்சி முடியும் வரை துண்டியாது வைத்திருத்தலே அருமை.

இனி, இக்கலையிற் புகுவோரைப் பெரிதும் இடர்ப்படுத்தும் காலத்தாழ்வைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் தகும். புவிநிலைச் செய்மதி நிலநடுக்கோட்டின் மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கின்றது. வானலை ஒளியின் வேகத்திற் சென்றாலும், மேலேறிக் கீழிறங்க ஏறத்தாழ கால் நொடி ஆகும். வினாவிய ஒருவர் விடையைக் கேட்க, விடையளிப்போர் சிறிதும் தயங்காவிடினும், அரை நொடி கழியும். அவ்வமைதியைக் கண்டு, தாம் கூறியது எட்டவில்லை போலும் என எண்ணி அவர் மீண்டும் பேசத் தொடங்குவார். அதே வேளையில் விடையும் வந்து மோதும். இதனினும் கொடியது எதிரொலி. சென்ற குரல் மறுகளத்து ஒலிபெருக்கியில் ஒலித்து, அங்குள்ள ஒலிவாங்கியிற் புகுந்து, அரை நொடி கழித்துப் பேசுவோரிடமே மீள்கின்றது. தம் குரலைத் தாமே பிந்திக் கேட்போர் நாக்குழறுவர். நாவன்மை மிக்காரும் இதற்கு விலக்கல்லர்.

இதற்கு மருந்து எளியது. ஒவ்வொரு களத்துக்கும் அனுப்பும் ஒலிக்கலவையில் அக்களத்தின் ஒலியை மட்டும் நீக்குதல் வேண்டும். கண்டி, அற்றன், கொழும்பு என மூன்று களங்கள் உளவாயின், கண்டிக்கு அற்றனும் கொழும்பும் கலந்த ஒலி செல்லும். அற்றனுக்குக் கண்டியும் கொழும்பும். கொழும்புக்கு ஏனை இரண்டும். களம் எத்தனையோ கலவையும் அத்தனை. இன்றைய கணினி நிரல்கள் இதனைத் தாமே செய்வதோடு, அறைக்குள் எழும் எதிரொலியையும் ஓரளவு களைகின்றன. ஆனால் ஒரே அறையில் இருவர் தத்தம் கருவியின் ஒலிவாங்கியையும் ஒலிபெருக்கியையும் திறந்து வைத்தால் நிரல்கள் பலவும் தோற்கும். செவியைத் துளைக்கும் ஊளையே எஞ்சும். பள்ளிக் கூட்டங்களிலே பாதி நேரத்தை விழுங்குவது இப்பிழையே.

தமிழ்நாட்டில் 2004ஆம் ஆண்டு ஒக்ரோபர் 18ஆம் நாள் நடைபெற்ற நிகழ்ச்சி நம்மவர் கருதத்தக்கது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனமும் இணைந்து அமைத்த கிராம வள மையங்களை, பிரதமர் மன்மோகன் சிங் தில்லியிலிருந்தவாறே செய்மதி வழியாகத் திறந்து வைத்தார். திருவையாறு, செம்பட்டி, தங்கச்சிமடம் ஆகிய ஊர்களே அம்மையங்கள் எழுந்த இடங்கள். காவிரிக் கரை உழவர்க்கு வேண்டுவது வேறு, இராமேசுவரத் தீவின் மீனவர்க்கு வேண்டுவது வேறு. தலைமைக் களத்தில் இருப்போர் யாவருக்கும் ஒன்றையே ஓதுவாராயின் இணைப்பு இருந்தும் பயனில்லை. ஆதலின் களத்திலே நிற்கும் தொழினுட்பர் ஆளியைத் திருப்புவதோடு அமையாது, தம்மூரார் கேட்க விரும்புவதை அறிந்து, கேட்கும் வாய்ப்பையும் பெற்றுத் தருபவராதல் வேண்டும்.

மலைநாட்டிலும் இதற்கோர் முன்மாதிரி உண்டு. கொத்மலைச் சமூக வானொலி, யுனெஸ்கோவின் துணையோடு 1990களின் இறுதியில் இணையத்தை வானொலியோடு பிணைத்தது. நேயர் வினவுவார், அறிவிப்பாளர் வல்லுநர் ஒருவரோடு அமர்ந்து இணையத்தில் விடை தேடி, வானொலியிலே எடுத்துரைப்பார். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் இணைய வசதி செய்யப்பட்டது. கணினியைக் கண்டிராத வீட்டுக்கும் இவ்வாறு அதன் பயன் சென்றது. எல்லாக் களங்களும் ஒரே வகைக் கருவி பெற்றிருத்தல் வேண்டும் என்பார்க்கு இது தக்க மறுமொழி.

அக்கரப்பத்தனை போன்ற இடங்களிற் கருதவேண்டியன வேறு சில உள. 10 கிகாஹேட்ஸ் மீடிறனுக்கு மேற்பட்ட அலைகளைப் பெருமழை நலியச் செய்யும். மலைமுகடு கைத்தொலைபேசிக் கோபுரத்தை மறைக்கும். காற்றுக் காலத்தில் மரம் முறிந்து மின்கம்பியில் வீழும். 2020, 2021ஆம் ஆண்டுகளிற் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடங் கேட்பதற்கு அலை எட்டும் மேட்டைத் தேடி மலைநாட்டுப் பிள்ளைகள் ஏறியதை நாடறியும். அத்தகைய களம் தடுமாறும்போது அதனை விலக்கிவிட்டு நிகழ்ச்சியை அழகுற நடத்துதல் தலைமைக் களத்துக்கு எளிது. பலரும் அவ்வாறே செய்கின்றனர், அது தவறு. படம் உறைந்தாலும் பாடம் நடக்கும். குரல் அற்றால் நடவாது. எனவே நலிந்த களத்துக்கு முதலிற் படத்தைக் குறைத்தல் வேண்டும். அதுவும் போதாதாயின் அசையாப் படமொன்றை வைத்துக் குரலைத் தொலைபேசி வழியே சேர்த்தல் வேண்டும். இம்மாற்றங்களை எவ்வரிசையில், எவர் சொற்படி செய்வது என்பது முதல் நாளே எழுத்தில் இருத்தல் நன்று. ‘கேட்கவில்லை’ எனக் கூறும் உரிமையும் வழியும் அக்களத்துக்கு எப்போதும் இருத்தல் அதனினும் நன்று.

கட்டளைச் சொற்களையும் முன்னரே வரையறுத்தல் வேண்டும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மும்மொழியும் வழங்கும் நாட்டில், ‘சரி’ என ஒருவர் கூறியதை, கேட்டேன் என்று கொள்வதா, தொடங்கு என்று கொள்வதா என்னும் ஐயத்தாலே காட்சி மாறிவிடக்கூடும்.

ஒத்திகையை நிகழ்ச்சி நடைபெறும் அதே வேளையில் நடத்துவது தகும். காலையிற் சீராக இருந்த இணைப்பு, மாலையில் ஊரார் யாவரும் கைத்தொலைபேசியை எடுக்கும்போது தளரும். அவ்வேளையில் மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்தி, மின்பிறப்பாக்கி இயங்கும் வரை மின்கலம் தாங்குகின்றதா எனவும் பார்த்தல் வேண்டும். பின்னர், கடைசி வாங்கில் அமர்ந்திருக்கும் மாணவன் எழுந்து, தன் இயல்பான குரலில் ஒரு கேள்வி கேட்கட்டும். மறுகளத்துக் கடைசி வாங்கில் இருப்பவன் அதனைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் வரை ஒலிவாங்கியின் இடத்தை மாற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும்.