பழைய கம்ப்யூட்டர் வேணுமா? அவசரப்படாதீங்க

1984-ல் மத்திய அரசு கிளாஸ் திட்டத்துல பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டர் கொடுத்தது. மொகாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் அதையே 'யூனிகார்ன்'னு தயாரிச்சது. அப்படி ஒண்ணு ஆன்லைன்ல கண்ணுல பட்டா உடனே கிரெடிட் கார்டைத் தேய்க்கத் தோணும். பாக்கி வெச்சா மாசம் 3 சதவீதத்துக்கு மேலகூட வட்டி போகும். "ரேர் பீஸ்"னு போட்டிருக்கிற விலை, விற்கிறவரோட ஆசை மட்டும்தான்.

மேல்பட்டாம்பாக்கத்துல இருக்கிறவங்களுக்கு ஒரு வசதி: பண்ருட்டி வழியா போனா நெய்வேலி டவுன்ஷிப். என்.எல்.சி.யில் ரிட்டயர் ஆகிறவங்க குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். பல வருஷமா பரண்ல கிடந்த ரேடியோ, டேப் ரெக்கார்டர், கம்ப்யூட்டர் எல்லாம் அப்பதான் கீழே இறங்கும். லாரி வர்றதுக்குள்ள சாமானைக் குறைக்கணும்னு நினைக்கிறவர் கறாரா விலை பேச மாட்டார். ஆனா நீங்க தேடுறது இந்த மாசமே கிடைக்கும்னு இல்லை. தெரிஞ்சவங்ககிட்ட சொல்லி வைங்க, அதுவரை மாசம் 500 ரூபாய் ஆர்.டி.யில் போடுங்க.

வாங்குறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து பாருங்க. 386 காலத்து மதர்போர்டுல சின்ன பீப்பாய் மாதிரி பேட்டரி இருக்கும். அது கசிஞ்சு பச்சை பூத்திருந்தா ரிப்பேர் செலவு விலையைத் தாண்டிடும்.

இப்ப என் ஏரியா, வரி. சொந்தமா பயன்படுத்தின கம்ப்யூட்டரை லாபத்துக்கு வித்தாலும் கேப்பிட்டல் கெயின்ஸ் வரி கிடையாது. ஓவியம், சிற்பம்னா உண்டு. அதுவே வாங்கி வாங்கி விக்க ஆரம்பிச்சா பிசினஸ் வருமானம். அப்ப வழக்கமா போடுற ஐ.டி.ஆர்-1 செல்லாது.