பக்கவாதத்திற்குப் பின் வீட்டில் மீட்சி: குடும்பம் செய்ய வேண்டியது என்ன? கேட்டுப் பெற வேண்டியது என்ன?

எருத்தேன்பதி (பாலக்காடு): பக்கவாதத்திற்கான மருத்துவமனைச் சிகிச்சை பெரும்பாலும் சில நாட்களில் முடிந்துவிடுகிறது. கை, கால், பேச்சு ஆகியவற்றை மீட்டெடுக்கும் பணியோ பல மாதங்கள் நீள்கிறது. அதன் பெரும்பகுதி வீட்டில்தான் நடைபெறுகிறது. நோயாளியை வீட்டிற்கு அழைத்துச் செல்லும்போது குடும்பத்தினர் கையில் இருப்பது மாத்திரைப் பையும் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்ட டிஸ்சார்ஜ் சம்மரியும் மட்டுமே.

கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ள எருத்தேன்பதி ஊராட்சியில் இந்தச் சிக்கல் சற்றுக் கூடுதலாகும். இங்கு தமிழ் பேசும் குடும்பங்கள் பெருமளவில் வாழ்கின்றன. சிகிச்சைக்காக எல்லை தாண்டிப் பொள்ளாச்சி, கோயம்புத்தூர் ஆகிய ஊர்களுக்குச் செல்வோரும் உண்டு. அவ்வாறு செல்வோருக்குச் சிகிச்சை ஒரு மாநிலத்திலும், வீடு மற்றொரு மாநிலத்திலும் அமைகிறது. வீடு திரும்பிய பின் யாரைக் கேட்பது என்பதே அவர்கள் முன் உள்ள கேள்வி.

குடும்பத்தின் பயிற்சி மட்டும் போதுமா?

இந்தக் கேள்விக்கு விடை காண இந்தியாவிலேயே ஒரு பெரிய ஆய்வு நடத்தப்பட்டது. 'அட்டென்ட்' என்ற அந்த ஆய்வில் 14 மருத்துவமனைகளைச் சேர்ந்த 1,250 பக்கவாத நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினரின் குடும்பத்தாருக்கு மறுவாழ்வுப் பயிற்சிகளை வீட்டில் எவ்வாறு அளிப்பது என்று கற்றுத்தரப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் அளிக்கப்பட்டது.

ஆய்வின் முடிவுகள் 2017-ஆம் ஆண்டு 'தி லான்செட்' மருத்துவ இதழில் வெளியாயின. ஆறு மாதங்களுக்குப் பின், உயிரிழந்தவர்கள் மற்றும் பிறரைச் சார்ந்து வாழும் நிலையில் இருந்தவர்களின் பங்கு இரு பிரிவுகளிலும் 47 விழுக்காடாகவே இருந்தது.

குடும்பத்தின் பராமரிப்பு பயனற்றது என்பது இதன் பொருள் அன்று. இயன்முறை சிகிச்சையாளர் செய்ய வேண்டிய பணியைக் குடும்பத்தின் தலையில் சுமத்துவதால் மட்டும் நோயாளி எழுந்து நடந்துவிடுவதில்லை என்பதையே அது உணர்த்துகிறது. எனவே குடும்பம் தானே செய்ய வேண்டியவை, மருத்துவத் துறையிடம் கேட்டுப் பெற வேண்டியவை என இரண்டையும் பிரித்தறிவது அவசியமாகிறது.

முதல் கவனம் உணவில்

பக்கவாதத்தால் விழுங்கும் தசைகள் பாதிக்கப்படக்கூடும். அந்நிலையில் உணவோ நீரோ மூச்சுக்குழாய்க்குள் சென்றால் நிமோனியா ஏற்படும் அபாயம் உண்டு. விழுங்கும் திறன் சோதிக்கப்பட்டதா என்பதை மருத்துவமனையை விட்டு வெளியேறும் முன்பே கேட்டறிய வேண்டும்.

படுத்த நிலையில் எதையும் ஊட்டக் கூடாது. நிமிர்ந்து உட்காரவைத்து, சிறு சிறு வாயாக, ஒன்றை விழுங்கிய பின் அடுத்ததைத் தர வேண்டும். உண்ட பின்னும் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது நல்லது. நீர், மோர், இளநீர் போன்ற நீர்த்த பானங்கள் எளிதானவை என்று கருதப்பட்டாலும், விழுங்கும் சிக்கல் உள்ளவர்களுக்கு அவையே அதிகம் புரையேறும். குழைவான உணவு பலருக்குப் பாதுகாப்பானது. எனினும் எது பொருந்தும் என்பதை மருத்துவரோ பேச்சு சிகிச்சையாளரோதான் முடிவு செய்ய வேண்டும். உண்ணும்போது இருமல், உண்ட பின் குரலில் கரகரப்பு, அடிக்கடி காய்ச்சல் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகளாகும்.

செயலிழந்த கையை இழுக்கக் கூடாது

நோயாளியைத் தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுப்பது வீடுகளில் பரவலாக நிகழும் தவறு. தசைகள் தளர்ந்த நிலையில் தோள்மூட்டு எளிதில் விலகும். அதனால் உண்டாகும் வலி பயிற்சிகளையே தடுத்துவிடும். உட்காரும்போதும் படுக்கும்போதும் அந்தக் கைக்குத் தலையணையால் தாங்கல் தர வேண்டும்.

தானாகப் புரள இயலாதவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்தால் படுக்கைப் புண்ணைத் தவிர்க்கலாம். நடக்கத் தொடங்கியவர்களுக்கு விழும் அபாயம் அதிகம். குளியலறையின் ஈரத் தரை, கழற்றி விரித்த பாய், உயர்ந்த வாசற்படி ஆகியவற்றைச் சீர்செய்து, பிடித்து நடக்கக் கைப்பிடி பொருத்துவது பயன் தரும்.

இயன்முறை சிகிச்சையாளர் கற்றுத்தரும் பயிற்சிகளை அன்றாட வேலைகளுடன் இணைக்கலாம். சட்டைப் பொத்தானை மாட்டுவது, டம்ளரைப் பிடிப்பது, துண்டை மடிப்பது ஆகிய அனைத்தும் பயிற்சிகளே. அன்பின் மிகுதியால் எல்லாவற்றையும் வீட்டாரே செய்துவிட்டால், நோயாளி மீண்டும் கற்கும் வாய்ப்பை இழக்கிறார். முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதன் பிறகும் முன்னேற்றம் தொடரும் என்பதால் பயிற்சியைக் கைவிடக் கூடாது.

பேச்சு எந்த மொழியில் திரும்பும்?

மூளையின் மொழிப் பகுதி பாதிக்கப்பட்டால் பேசவோ, பிறர் பேசுவதைப் புரிந்துகொள்ளவோ இயலாமல் போகலாம். இது அறிவிழப்பு அன்று. நோயாளியின் எதிரிலேயே அவரைப் பற்றி மற்றவர்கள் பேசுவது அவரை மேலும் ஒடுங்கச் செய்யும்.

வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசி வாழ்ந்த ஒருவருக்கு இரு மொழிகளும் ஒரே வேகத்தில் திரும்ப வேண்டும் என்பதில்லை. அவர் வீட்டில் எம்மொழியைப் பேசினார், எதைப் படிக்க அறிந்தவர் என்பதைப் பேச்சு சிகிச்சையாளரிடம் முதலிலேயே தெரிவிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும், சிறு வாக்கியங்களில் பேசலாம். 'ஆம்', 'இல்லை' என விடை கூறத்தக்க கேள்விகளைக் கேட்டு, பதிலுக்குப் பொறுமையுடன் காத்திருக்க வேண்டும்.

மாத்திரையும் மனமும்

ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்கு மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இரத்த உறைவு ஆகியவற்றிற்கான மருந்துகளை 'உடம்பு தேறிவிட்டது' என்று கருதித் தாமாக நிறுத்துவது ஆபத்தானது. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதுமானது என உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் ஆகியவற்றைக் குறைத்தாலே உப்பின் அளவு கணிசமாகக் குறையும். புகையிலையையும் மதுவையும் முற்றிலும் விட வேண்டும். புறா இரத்தம் பக்கவாதத்தைக் குணப்படுத்தும் என்ற நம்பிக்கைக்கு மருத்துவ ஆதாரம் இல்லை.

பக்கவாதத்திற்கு ஆளானவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு ஏற்படுகிறது. பயிற்சிக்கு மறுப்பது, உண்ண மறுப்பது, காரணமின்றி அழுவது ஆகியவற்றைப் பிடிவாதம் என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் கூற வேண்டும். மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண்ணான 14416-இல் தமிழிலும் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம்.

எல்லைக்கு இப்பால் கிடைக்கும் உதவி

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் இயன்முறை சிகிச்சை வீட்டிற்கே கொண்டு வரப்படுகிறது. ஆயினும் பொள்ளாச்சியில் சிகிச்சை பெற்றவரின் வீடு எருத்தேன்பதியில் இருந்தால், அவர் நாட வேண்டியது கேரள அரசின் சேவைகளையே.

இந்தியாவிலேயே முதன்முறையாக 2008-ஆம் ஆண்டு பாலியேட்டிவ் கேர் கொள்கையை வெளியிட்ட மாநிலம் கேரளம். உள்ளாட்சி அமைப்புகளும் அரசு சுகாதார நிலையங்களும் இணைந்து, படுக்கையில் உள்ளவர்களின் வீட்டிற்குச் செவிலியரை அனுப்புகின்றன. இச்சேவை புற்றுநோயாளிகளுக்கு மட்டுமானதன்று. பக்கவாதத்தால் முடங்கியவர்களும் பெறலாம். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலுடன் ஆஷா பணியாளரையோ சுகாதார நிலையத்தையோ அணுகிப் பெயரைப் பதிவு செய்வது முதல் படியாகும். வீட்டில் இயன்முறை சிகிச்சை கிடைக்குமா என்பதையும் அப்போதே கேட்க வேண்டும். கேரள சுகாதாரத் துறையின் 'திஷா' உதவி எண் 1056.

படுக்கையில் உள்ளவரை முழுநேரமும் கவனிப்பவருக்கு மாதம் 600 ரூபாய் வழங்கும் 'ஆஸ்வாசகிரணம்' திட்டத்தைக் கேரள சமூகப் பாதுகாப்பு இயக்கம் செயல்படுத்துகிறது. இதற்கான விவரத்தை அங்கன்வாடியில் கேட்கலாம். மேலும், 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுடன் தமிழிலேயே கடிதத் தொடர்பு கொள்ளத் தமிழர்களுக்கு உரிமை அளிக்கிறது. மலையாளம் எழுதத் தெரியாது என்பதற்காக விண்ணப்பிக்காமல் இருக்க வேண்டியதில்லை.

பராமரிப்பவருக்கும் ஓய்வு தேவை

பெரும்பாலான வீடுகளில் இப்பணி ஒரு பெண்ணின் மீதே விழுகிறது. இரவுத் தூக்கமின்மை, முதுகுவலி, கூலி இழப்பு ஆகியவற்றை அவர் வெளியே சொல்வதில்லை. அவர் நோயுற்றால் வீட்டில் இருவரின் நலமும் கெடும். வாரத்தில் சில மணி நேரமாவது மற்றொருவர் பொறுப்பேற்பதும், இரவு முறையை மாற்றிக்கொள்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சு குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று புதிதாகத் தோன்றினாலும் வீட்டில் காத்திருக்காமல் 108 எண்ணை அழைக்க வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும் என்பதால், நோயாளி கடைசியாக எப்போது நலமாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துவைத்து மருத்துவரிடம் கூறுவது அவசியம்.