ஒரே மலைப்பாதையில் இரண்டு இணைப்புகள்

ஏற்காட்டின் ஒண்டிக்கடையைச் சுற்றியுள்ள அலுவலகங்களில் இணையம் நின்றால் வேலையும் நின்றுவிடுகிறது. காப்பித் தோட்டத்துச் சம்பளப் பட்டுவாடா, விடுதி முன்பதிவு, இ-சேவை மையத்துச் சான்றிதழ், ஜிஎஸ்டி கணக்கு என எதுவும் அது இல்லாமல் நகராது. எனவே இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கிவைப்பது சரியான யோசனைதான். ஆனால் ரசீதில் இரண்டு பெயர்கள் இருப்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. அந்த இரண்டும் வெவ்வேறு வழியாக மலையேற வேண்டும். ஒன்று அறுந்ததை ரூட்டர் உடனே உணர வேண்டும். இவற்றில் எது தவறினாலும் இரண்டாவது சந்தா வீண் செலவு.

2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே கடலடிக் கேபிள்கள் இரண்டு அறுந்தன. அவை வெவ்வேறு உரிமையாளர்களுடையவை. ஆனால் சென்றது ஒரே கடற்பகுதி வழியாக. இந்தியாவின் இணையம் பெரிதும் தடுமாறியது. கிழக்கே பசிபிக் வழியாகத் திருப்பிவிட்டுத்தான் சமாளித்தார்கள். ஏற்காட்டில் இதே ஆபத்து சிறிய அளவில் இருக்கிறது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏறும் சாலை ஒன்று, குப்பனூர் வழி மற்றொன்று. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. அப்படிச் சரியும் ஓரத்தில் இரு நிறுவனங்களின் ஃபைபரும் ஒரே கம்பத்தில் தொங்கினால், ஒரு மரம் விழுந்தாலே இரண்டும் போகும். ஆகவே இணைப்பு விற்க வருபவரிடம் வேகத்துக்கு முன்னால், ‘உங்கள் ஃபைபர் எந்தச் சாலை வழியாக வருகிறது?’ என்று கேளுங்கள். இரண்டும் ஒரே பாதை என்றால், இரண்டாவதாக வானலை இணைப்பைத் தேர்வது நல்லது. லேடிஸ் சீட் காட்சிமுனையிலிருந்து சேலம் நகரம் கண்ணுக்கு நேரே தெரிகிறதே, அந்த நேர்ப்பார்வை வானலை இணைப்புக்குப் பெரிய வசதி.

அடுத்தது ரூட்டர். பல அலுவலகங்களில் அது நிறுவனத்தின் பக்கத்துக் கருவி பதில் சொல்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. மலையடிவாரத்தில் ஃபைபர் அறுந்திருந்தாலும் மேலே இருக்கும் கருவி பதில் தரும். ரூட்டர் ‘இணைப்பு உண்டு’ என்று நம்பி, செத்த வழியிலேயே எல்லாவற்றையும் அனுப்பிக்கொண்டிருக்கும். கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 போன்ற தொலைவிலுள்ள முகவரிகளை ஒவ்வொரு இணைப்பு வழியாகவும் தனித்தனியே சோதிக்கச் சொல்லி அமைக்க வேண்டும். ஒரே முகவரியை நம்பினால், அது ஓய்ந்த அன்று நல்ல இணைப்பும் கெட்டதாகத் தெரியும்.

இரண்டு 100 எம்பிபிஎஸ் இணைப்புகள் சேர்ந்தால் 200 ஆகாதா என்று கேட்பார்கள். பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போது மொத்தச் சுமை பிரியும். ஆனால் ஒரு கோப்பின் பதிவிறக்கம் பொதுவாக ஒரே இணைப்பில்தான் போகும். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முகவரி தருவதால், வங்கித் தளத்தில் நுழைந்தவரின் போக்குவரத்து நடுவழியில் மற்றொன்றுக்குத் தாவினால் வங்கி அவரை வெளியேற்றிவிடலாம். வங்கி, ஜிஎஸ்டி இரண்டையும் ஒரே இணைப்பில் நிலைநிறுத்தி, விருந்தினர் வைஃபையையும் கேமரா பதிவுகளையும் மற்றதில் விடுவதே நிதானமான ஏற்பாடு. பெரிய நிறுவனங்கள் சொந்த முகவரித் தொகுதி வாங்கி, அதை பிஜிபி என்ற நெறிமுறையால் இரு இணைப்புகளிலும் அறிவிக்கின்றன; அதற்குக் குறைந்தது 256 ஐபிவி4 முகவரிகள் வேண்டும் என்பதால் சிறு அலுவலகத்துக்கு அது ஒத்துவராது.

கைப்பேசி ஹாட்ஸ்பாட் போதாதா? தனிக் கடைக்குப் போதும். ஆனால் கைப்பேசிக் கோபுரமும் அதே ஃபைபரை நம்பியிருக்கலாம்; மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் கோபுரமே திணறும். பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்துக்கு அது போதாது. மின்சாரம் போனால் ரூட்டரும் ஃபைபர் பெட்டியும் ஓட யுபிஎஸ் இல்லையென்றால் எந்த இணைப்பும் பயன்படாது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஒரு வேலைநாளில் முதல் நிறுவனத்தின் வயரைக் கழற்றிவிட்டு, வங்கித் தளமும் இணைய அழைப்பும் தொடர்கின்றனவா என்று பாருங்கள். பிறகு அதை மாட்டிவிட்டு மற்றதையும் அப்படியே சோதியுங்கள்.