டெக்சாஸ் – டெக்சாஸ் ஏ அண்ட் எம் காற்பந்துப் போட்டி

இது ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள இரு பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடைபெறும் அமெரிக்கக் காற்பந்துப் போட்டியாகும். இவ்வணிகள் முதன்முதலில் 1894இல் மோதின. 1915 முதல் 2011 வரை ஆண்டுதோறும் தவறாமல் ஆடின.

அமெரிக்கக் கல்லூரி அணிகள் தத்தம் கூட்டமைப்புக்குள்ளேயே பெரும்பாலான ஆட்டங்களை ஆடுகின்றன. ஒளிபரப்பு வருவாயே அணிகள் கூட்டமைப்பு மாறுவதற்கு முதன்மைக் காரணம். 2012இல் ஏ அண்ட் எம், பிக் 12 கூட்டமைப்பிலிருந்து விலகித் தென்கிழக்குக் கூட்டமைப்பில் சேர்ந்தது. இரு பல்கலைக்கழகங்களுக்கும் இடையே சாலைவழியில் ஏறத்தாழ இரண்டு மணிநேரப் பயணமே என்றாலும், 12 பருவங்கள் போட்டி நடைபெறவில்லை. அக்காலத்தில் நான்காண்டுப் படிப்பை முடித்த மாணவர்கள் பலர், இவ்வாட்டத்தைக் காணாமலேயே பட்டம் பெற்றனர்.

2024இல் டெக்சாஸும் தென்கிழக்குக் கூட்டமைப்பில் இணைந்தது. அவ்வாண்டு நவம்பர் 30 அன்று போட்டி மீண்டும் நடைபெற்றது. டெக்சாஸ் 17–7 என்ற கணக்கில் வென்றது.